துவித உடுவா, இரும விண்மீனா?

"மாமா, பைனரி ஸ்டாருக்குத் தமிழ் என்ன?" கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் நின்று அக்காவின் மகள் கேட்டாள். இங்கே கணினிப் பாடத்தில் அவள் படிப்பது துவித எண். தமிழ்நாட்டில் அதுவே இரும எண். நட்சத்திரத்தை நம் பாடநூல்கள் உடு என்கின்றன; அந்த வழியில் போனால் துவித உடு, மற்ற வழியில் இரும விண்மீன். இரண்டும் ஒன்றுதான். ஆனால் பலர் எழுதும் 'இரட்டை நட்சத்திரம்' வேறு.

பைனரி என்பதன் வேர், இரண்டிரண்டாக என்று பொருள்படும் லத்தீன் சொல். விண்மீனுக்கு அதை 1802இல் சூட்டியவர் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல். நெருங்கித் தெரியும் சோடிகளை அவர் ஆண்டுக்கணக்காக அளந்து வந்தார். சில சோடிகள் நம் பார்வைக்கோட்டில் தற்செயலாக ஒட்டித் தெரிபவை. சிலவோ ஈர்ப்பால் கட்டுண்டு, பொதுவான நடுப்புள்ளியைச் சுற்றுபவை. பின்னதற்குத் தனிச்சொல் தேவைப்பட்டது. ஆகவே ஒட்டித் தெரிவதெல்லாம் இரட்டை. கட்டுண்டு சுற்றுவதே இருமம்.

சித்திரை, வைகாசி இரவுகளில் கொழும்பின் வடவானில் வசிட்டரும் அருந்ததியும் தெரியும். வெறுங்கண்ணுக்கு அவை ஓர் இரட்டை. தொலைநோக்கியில் வசிட்டர் மட்டுமே இரண்டாகப் பிரிவார். அதில் பிரகாசமானதன் நிறமாலையில், அதாவது அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையில், ஒரே கோடு சில நாள் இரண்டாகப் பிளந்து, பிறகு ஒன்றாகிவிடுவதை வானியலாளர் பிக்கரிங் 1889இல் அறிவித்தார். ஒன்றாகத் தெரியும் அதுவே இரு விண்மீன்கள்; ஒன்று நம்மை நோக்கி வரும்போது மற்றது விலகிப் போகிறது. அப்போது இரண்டின் கோடுகளும் எதிரெதிர்ப் பக்கம் நகர்வதால்தான் கோடு பிளக்கிறது. ஏறத்தாழ இருபதரை நாளில் ஒரு சுற்று. இப்படிப் பிடிபடுவது நிறமாலை இருமம்.

அந்த இரண்டும் சுமார் 9000 கெல்வின் வெப்பமுள்ள முதன்மைத் தொடர் விண்மீன்கள், சூரியன் 5800தான். தொடர் என்றதும் வானத்தில் வரிசையாக நிற்பவை என்று எண்ணிவிடக்கூடாது. வெப்பத்தையும் ஒளியையும் வைத்து வரையும் படத்தில் விழும் பட்டை அது. மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் விண்மீன் அந்தப் பட்டையில்தான் இருக்கும்.

சரி, எதை எழுதுவது? பரீட்சையில் பாடநூல் சொல்லையே எழுது என்றேன். என் விருப்பம் இரும விண்மீன்தான். இருமை திருக்குறளிலேயே உள்ள சொல். மறைப்பு இருமம் (ஒன்றையொன்று மறைப்பது), நிறமாலை இருமம் என்று இலகுவாகக் கிளைக்கவும் செய்கிறது.

சங்கப் புலவர்கள் வடமீன் என்றது அருந்ததியை. அதற்கும் ஒரு மங்கலான துணை உண்டு என்று 2009இல் தெரியவந்தது. வடமீனும் இருமம்தான்.