விளையாட்டு மூலையை முழங்காலிட்டுப் பாருங்கள்

வீட்டுக்குள் குழந்தைக்கு விளையாட ஓர் இடம் அமைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் நாலைந்து படங்களோடுதான் வருகிறார்கள். வெள்ளைச் சுவர், ஒரு துணிக் கூடாரம், அதன்மேல் சரம் சரமாகக் குட்டி விளக்குகள், அலமாரியில் நிறம் பார்த்து அடுக்கிய மரப் பொம்மைகள். அழகாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்கள் எதிலும் குழந்தை இருக்காது, கவனித்திருக்கிறீர்களா?

உள் அலங்கார வேலைக்கு வந்த புதிதில் நானும் இந்தப் படங்களை நம்பியிருக்கிறேன். ஒரு வீட்டில் மாடியில் சும்மா கிடந்த அறையை முழுசாக விளையாட்டு அறையாக மாற்றிக் கொடுத்தேன். சுவரில் மலையும் மேகமும், தரையில் மெத்தை, ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்க ஒரு மேடை. மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அதே வீட்டுக்குப் போனபோது அந்த அறையில் துவைத்த துணி மடிக்காமல் குவிந்து கிடந்தது. குழந்தை கீழே, சாப்பாட்டு மேஜைக்கு அடியில், இரண்டு நாற்காலிக்கு நடுவே போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் சமையலறையில் நிற்கும் அம்மாவின் கால் தெரியும். வேறொரு காரணமும் இல்லை.

சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் இருக்கும் இடத்தில்தான் விளையாடும். அடிக்கடி தலையைத் தூக்கி, ஆள் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, மறுபடி தன் வேலைக்குப் போய்விடும். அதனால் நான்கு ஐந்து வயது வரைக்கும் தனி அறைக்குச் செலவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஹாலிலோ, சமையலறையிலிருந்து கண் எட்டும் இடத்திலோ ஆறடிக்கு ஆறடி கிடைத்தால் போதும். உடனே வரும் கேள்வி, ‘அப்போ ஹால் லட்சணம் என்னாவது?’ அதற்குத்தானே எங்களைக் கூப்பிடுகிறீர்கள்! டிவி யூனிட்டுக்குப் போட்ட அதே மர நிறத்தில் தாழ்வாக ஓர் அலமாரி, ஹாலில் ஏற்கெனவே இருக்கும் நிறங்களில் ஒன்றை எடுத்து ஒரு தரைவிரிப்பு, அவ்வளவு செய்தால் அந்த மூலை ஹாலோடு ஒட்டிக்கொள்ளும். சுவருக்குத் தனியாக வானவில் தேவையில்லை, பொம்மைகளே போதுமான நிறத்தைக் கொண்டுவந்துவிடும். விரிப்புக்கு அடியில் வழுக்காத ரப்பர் வலை போட மட்டும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் குழந்தை ஓடி வந்து கால் வைக்கும்போது விரிப்போடு சேர்ந்து வழுக்கிப் போகும்.

இடம் முடிவானதும் நான் செய்வது ஒன்று உண்டு, வீட்டுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். முழங்காலிட்டு நின்று அந்த மூலையைப் பார்ப்பேன். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 85 செ.மீ., மூன்றடிக்கும் குறைவு. அந்த உயரத்துக்கு இறங்கினால் வேறு ஒரு வீடு தெரியும். டீப்பாய் முனை சரியாக நெற்றிக்கு நேரே இருக்கும். சோபாவுக்கு அடியில் துணியைப் பிடித்த ஸ்டேப்ளர் பின் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் மூன்று ஒயர். நிற்கும்போது நம் கண்ணுக்கே படாத, ஜன்னல் பிளைண்ட்ஸை (திரைக்குப் பதில் மாட்டும் மறைப்பை) ஏற்றி இறக்கும் கயிறு முகத்துக்கு எதிரே வளையமாகத் தொங்கும்.

அந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கழுத்தில் அது மாட்டினால் குழந்தையால் கத்த முடியாது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நான் மாடியில் செய்துகொடுத்த ஜன்னல் மேடை நினைவிருக்கிறதா, அதற்கு மேலேயே அப்படி ஒரு கயிறு தொங்கியது, அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை. இப்போதெல்லாம் கயிறே இல்லாத பிளைண்ட்ஸ் எளிதாகக் கிடைக்கிறது, குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதைத் தவிர வேறெதையும் நான் எழுதிக் கொடுப்பதில்லை. பழையதை மாற்ற முடியவில்லையென்றால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாத உயரத்தில் சுவரில் ஒரு பிடி அடித்து, கயிற்றை அதில் சுற்றிவையுங்கள். ஏறி நிற்க வசதியான எதுவும் ஜன்னலுக்குக் கீழே இருக்கக் கூடாது.

அப்புறம் அலமாரி. 2016-இல் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் டிராயர் அலமாரிகள் சுமார் 2.9 கோடி திரும்பப் பெறப்பட்டன. குழந்தைகள்மேல் கவிழ்ந்து உயிர் போனதுதான் காரணம். இது எப்படி நடக்கிறது என்றால், கீழ் டிராயரைக் குழந்தை இழுக்கிறது, அது படியாகிறது, அதன்மேல் ஏறி அடுத்ததை இழுக்கிறது, எடை மொத்தமும் முன்பக்கம் வந்துவிட அலமாரி அப்படியே சாய்கிறது. 2023 செப்டம்பர் 1-க்குப் பிறகு தயாராகி அங்கே விற்கும் துணி அலமாரிகளை, டிராயர்களைத் திறந்து எடை வைத்தும், கார்ப்பெட் மேல் நிறுத்தியும், குழந்தை தொங்குவது போன்ற நிலையிலும் சோதித்தாக வேண்டும். நம் கையில் இருப்பது இதைவிட எளிது: சுவரோடு பிடித்துவிடுவது.

ஆனால் பிடித்தோம் என்று பேருக்குப் பிடிப்பதில் பிரயோஜனமில்லை. செங்கல் சுவரில் துளையிட்டு, ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் இறக்கி, எல் கிளாம்ப் (‘L’ வடிவ இரும்புப் பட்டை) வைத்து முடுக்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கிற ஸ்க்ரூ ஒரு இழுப்புக்குத் தாங்காது. ஜிப்சம் போர்டு தடுப்பு என்றால் உள்ளே இருக்கும் சட்டத்தைத் தேடி அதில் போட வேண்டும், வெறும் போர்டில் போட்டால் போர்டோடு பிய்ந்து வரும். இன்னொரு தொல்லை ஸ்கர்ட்டிங். தரையோரத்தில் ஓடும் அந்தப் பட்டியால் அலமாரி சுவரை விட்டு ஓர் அங்குலம் தள்ளியே நிற்கும், கார்ப்பென்டர் அவசரத்தில் இடைவெளியோடு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் போவார், அலமாரி ஆடிக்கொண்டே இருக்கும். இடைவெளி அளவுக்கு ஒரு மரச் சட்டத்தைப் பின்னால் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் டிராயர்களைத் திறந்து மேல்விளிம்பைப் பிடித்து நானே முழு பலத்தோடு இழுத்துப் பார்ப்பேன். அசையாவிட்டால்தான் பொம்மையை அடுக்கலாம். ‘இடுப்பு உயரம்தானே, இதுக்கு எதுக்கு?’ என்று கேட்பார்கள். இடுப்பு யாருடையது என்பதுதான் விஷயம்.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் முதல் பள்ளியைத் தொடங்கியபோதே, பிள்ளைகளின் அளவுக்கு மேஜை நாற்காலியும், அவர்கள் தாமே எடுத்துத் திருப்பி வைக்கும்படியான தாழ்வான அலமாரியும் இருக்க வேண்டும் என்ற யோசனை வந்துவிட்டது. அதற்குமேல் நாங்கள் பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அலமாரி 70 செ.மீ. தாண்ட வேண்டாம், அதில் எட்டுப் பத்துப் பொருளுக்கு மேல் வேண்டாம். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 16 பொம்மைகள் இருந்ததைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது நடை பழகிய குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடின. மீதியை மேலே கதவு போட்ட அலமாரியில் பூட்டிவைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள். படத்தில் பார்க்கிற அந்த ‘ஸ்டைல்’ உண்மையில் இதுதான். கண்ணில் படுவது குறைவு, மிச்சம் ஒளிந்திருக்கிறது.

மூடி போட்ட பெரிய பொம்மைப் பெட்டி மட்டும் எனக்குப் பிடிக்காது. மூடி கைமேல் விழும், தலைமேல் விழும், ஒளிந்து விளையாட உள்ளே இறங்கவும் செய்வார்கள். கூடை போதும். பெட்டிதான் வேண்டுமென்றால் விட்ட இடத்தில் நிற்கும் கீல், காற்றுப்போக ஓட்டைகள், பூட்டே இல்லாத மூடி.

பெயின்ட் விஷயத்தில் சுருக்கமாக: பளபளப்பே இல்லாத வெள்ளை ‘மேட்’ வேண்டாம், துடைத்தால் கிரேயானோடு பெயின்டும் வரும். லேசாகப் பளபளக்கும் ‘சாட்டின்’ வாங்குங்கள், அதுவும் வாடை குறைந்த, ரசாயன ஆவி குறைவாக விடுகிற வகை. பழைய வீட்டுச் சுவரை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள், அடியில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம், அந்தத் தூசு பிள்ளைகளுக்கு ஆகாது. எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை என்றால் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்க விளிம்பு வரை எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்பை மூடும் பட்டை, ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மூடாத விளிம்பு வழியாகத்தான் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற கெட்ட ஆவி அதிகம் கசியும்.

சரி, அந்தக் கூடாரத்து விளக்குச் சரம். அதில் பலவற்றுக்குள் இருப்பது பட்டன் பேட்டரி, நாணயம் போன்ற குட்டி வட்ட பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் திசுவைக் கரித்துவிடும், அறிகுறி உடனே தெரியாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லாத விளக்கை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். மற்ற சின்னச் சாமான்களுக்கு ஓர் எளிய வழி: டாய்லெட் பேப்பர் சுருள் தீர்ந்ததும் மிஞ்சுகிற அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஆகாது.

அந்த மாடி வீட்டுக்குத் திரும்பவும் வேலைக்குப் போனேன். மெத்தையைக் கீழே இறக்கினோம், அலமாரியைப் பாதியாக வெட்டி சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்தோம். மேஜைக்கு அடியில் கட்டியிருந்த போர்வையைக் கழற்ற மட்டும் அந்தக் குழந்தை விடவே இல்லை. நானும் மேஜையின் அடிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஸ்க்ரூவை மட்டும் வெட்டிவிட்டு, போர்வையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.