கோடுகளை அழிச்சிடாதீங்க ஐயா

உசிலம்பட்டிப் பக்கத்து ஐயா ஒருவர் திங்கட்கிழமை காலையில் பளிச்சென்று வந்தார். சட்டையைக் கழற்றினால், கதிர்வீச்சு சரியான இடத்தில் படும்படி அவரைப் படுக்க வைக்க நெஞ்சில் நாங்கள் போட்ட கோடுகளில் ஒன்றுகூட இல்லை.

"சனிக்கிழமைன்னு எண்ணெய் தேச்சுக் குளிச்சேன் தம்பி. கம்ப்யூட்டர் மெசின்தானே, அதுவா தேடிப் போகாதா?"

மதுரையில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கிறேன். நம்ம ஊரில் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். குழப்பத்தில் பாதி அந்தப் பெயரால்தான். உடம்புக்குள் போவது கரண்ட் இல்லை, எக்ஸ்ரே. அதன் துகள்களான ஃபோட்டான்களுக்கு மின்னூட்டம் கிடையாது. காந்தம் வைத்துத் திருப்ப முடியாது.

அதனால் திருப்புகிற வேலையெல்லாம் எக்ஸ்ரே பிறப்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். லீனாக் என்கிற இந்தச் சிகிச்சை மெசினுக்குள் ஓடுவது எலெக்ட்ரான். அது காந்தம் சொன்னபடி கேட்கும். பல மெசின்களில் அதை 270 டிகிரி வளைத்து டங்ஸ்டன் தகட்டில் மோத விடுவார்கள். அங்கே பிறக்கிற எக்ஸ்ரே பெரும்பாலும் அதே திசையில் நேரே போய்விடும். அப்புறம் நம் கையில் இருப்பது, வேண்டாத ஓரங்களை மறைப்பது மட்டுமே. எதிரெதிரே இரண்டு சீப்புகளை வைத்த மாதிரி டங்ஸ்டன் இலைகள், சில மெசின்களில் 120. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். நடுவிலுள்ள ஓர் இலை நோயாளி படுத்திருக்கும் இடத்தில் மறைப்பது 5 மில்லிமீட்டர். நீங்கள் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் படுத்தால் இரண்டு இலை தப்பு.

மின்னூட்டம் இல்லாத துகள்கள் இன்னும் உண்டு. அவற்றில் அணுக்கருவில் இருக்கிற நியூட்ரான் கொஞ்சம் இணங்கும். மின்னூட்டம் இல்லாவிட்டாலும் அதுவே ஒரு குட்டிக் காந்தம். மெதுவாகப் போகிறதை அறுமுனைக் காந்தத்தால் குவிக்கலாம், நிக்கல் பூசிய கண்ணாடிக் குழாயில் உரசித் தெறிக்கவிட்டும் கூட்டிப் போகலாம். எதையும் ஊடுருவிப் போகிற நுண்துகளான நியூட்ரினோ எதற்கும் மசியாது. அதற்குத் தாயான, மின்னூட்டமுள்ள பயான் துகள்களைத்தான் கொம்பு வடிவக் காந்தத்தால் குறிவைக்கிறார்கள். 1961-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் இயற்பியலாளர் சைமன் வான் டெர் மீர் கண்ட வழி அது. (தேனி பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வானிலிருந்து தானாக வரும் நியூட்ரினோக்களைப் பார்க்க. அங்கே கற்றை எதையும் உண்டாக்கும் திட்டமில்லை. டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.)

ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். சிகிச்சை மேசையில் படுக்க வைத்தே படம் பிடித்துச் சரிபார்க்கும் வசதி இப்போது உண்டு. அதுவும் நகர்த்துவது உங்களைத்தான், எக்ஸ்ரே கற்றையை அல்ல. அவருக்குத் திரும்ப ஸ்கேன் எடுத்துக் கோடு போட்டதில் ஒரு நாள் சிகிச்சை தள்ளிப்போனது.

தண்ணீர் ஊற்றலாம். கோடு உள்ள இடத்தில் எண்ணெய், சோப்பு, தேய்ப்பு வேண்டாம். மங்கினால் வீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் மேலே வரைந்துகொண்டு வராதீர்கள். பேத்தி வரைந்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன், ரெண்டு விரற்கடை தள்ளி.