வார்டனுக்கு என்ன கொடுத்தார்கள்? போர்க்கால பிரிட்டனின் சிவில் பாதுகாப்புத் திட்டம்

வான்தாக்குதல் வந்தால் மக்களைக் காக்க என்ன ஏற்பாடு என்று ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் திட்டம் தயாரித்தே ஆக வேண்டும் என பிரிட்டன் 1937-இல் சட்டம் போட்டது. 1938 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. செலவில் பெரும்பங்கு மத்திய அரசின் மானியம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல் நாட்டை 12 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஓர் ஆணையரைப் போட்டார்கள். ஆனால் அசல் வேலை நடந்தது தெருவில் இருந்த வார்டன் சாவடியில்தான்.

வார்டன் என்பவர் வான்தாக்குதலின்போது தன் பகுதியைக் கவனித்துக்கொள்பவர்; அந்தப் பகுதிக்காரரே. எந்த வீட்டில் யார், ராத்திரியில் எங்கே படுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குண்டு விழுந்தால் இடம், இடிபாட்டில் சிக்கியவர்கள், தீ, உடைந்த குழாய், அடைபட்ட சாலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்புவார். தொலைபேசி அறுந்துபோனால் சைக்கிளில் பையன்கள் கொண்டு ஓடுவார்கள். அதைப் பார்த்துத்தான் மீட்புக் குழுவும் ஆம்புலன்சும் கிளம்பும்.

எதிரி விமானத்துக்குத் தெரியாதபடி ஊரே விளக்குகளை மறைத்து இருட்டில் கிடக்கும்போது யார் என்ன வேலைக்காரர் என்று எப்படித் தெரியும்? இரும்புத் தலைக்கவசத்தில் இருந்த எழுத்துதான் அடையாளம். வார்டனுக்கு 'டபிள்யூ', மீட்புக் குழுவுக்கு 'ஆர்', ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களுக்கு 'எஸ்பி', செய்தி கொண்டுபோகும் பையனுக்கு 'எம்'. மூத்த வார்டன்களுக்கு வெள்ளைக் கவசம், அதில் கறுப்பு எழுத்து. பெரிய சேதம் நடந்த இடத்தில் பொறுப்பேற்கும் அதிகாரி கவசத்துக்கு நீல உறை போட்டுக்கொள்வார். பல குழுக்கள் ஒரே இடிபாட்டில் நிற்கும்போது, யாரிடம் போய்க் கேட்பது என்ற குழப்பம் அதனால் தீர்ந்தது.

சீருடை விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. ஆரம்பத்தில் தொண்டர்களுக்குக் கிடைத்தவை ஒரு சிறிய வெள்ளி பேட்ஜ், கைப்பட்டை, தலைக்கவசம், அவ்வளவுதான். அப்புறம் மெல்லிய நீலப் பருத்தி ஓவரால். லண்டன் மீது 1940 செப்டம்பர் முதல் இரவுக்கு இரவு குண்டு விழுந்த அந்தக் குளிர்காலத்தை அந்தத் துணியோடுதான் அவர்கள் கடந்தார்கள். கருநீலக் கம்பளிச் சீருடை 1941-இல் வந்தபோது தொடர் குண்டுவீச்சின் மிக மோசமான மாதங்கள் முடிந்திருந்தன. அதன் மார்பில் மஞ்சள் நிறத்தில் 'சிடி' (சிவில் டிஃபென்ஸ், அதாவது சிவில் பாதுகாப்பு) எழுத்தும் மேலே கிரீடமும் இருக்கும். பெண்கள் தொண்டர் சேவை என்ற தனி அமைப்பிலோ, சாம்பல் பச்சைச் சீருடையை உறுப்பினர்களே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

சரி, சம்பளம்? பெரும்பாலோர் பகுதிநேரத் தொண்டர்கள், அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேலை, இரவில் சாவடி. போரின் தொடக்கத்தில் முழுநேர ஊழியருக்கு வாரம் ஆணுக்கு 3 பவுண்டு, பெண்ணுக்கு 2 பவுண்டு. காயம்பட்டால் 1939 சட்டப்படி இழப்பீடு உண்டு. அதிலும் பெண்ணுக்கு வாரம் 7 ஷில்லிங் (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்) குறைவு! ஒரே குண்டில் ஒரே மாதிரி கால் போனாலும் அதே கணக்குதான். பெண் எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி விடாமல் போராடி 1943-இல் அதைச் சமமாக்கினார்கள். பணிக்காலத்தில் 7,000 பேர் அளவுக்கு இறந்த ஒரு சேவை இது. 1945 மே 2 அன்று பணி முடித்துவைக்கப்பட்டது. மூன்று ஆண்டு சேவை செய்தவர்களுக்குப் பாதுகாப்புப் பதக்கம் பெறும் உரிமை இருந்தது.