மசக்கை இருக்கும்போது 'காலை நோய்' எதுக்கு?

கர்ப்பகால ஆப், ஆஸ்பத்திரி நோட்டீஸ், யூட்யூப் சப்டைட்டில்னு எதைத் தொறந்தாலும் 'காலை நோய்'னு போடுறாங்க, கொஞ்சம் பாலிஷா எழுதுறவங்க 'காலை சுகவீனம்'ங்கிறாங்க. மார்னிங் சிக்னஸைத்தான் சொல்றாங்க. அதுக்கு மசக்கைன்னு நல்ல சொல் வீட்டுக்கு வீடு புழங்குதே!

மயக்கு, மசக்கு, மசக்கை, வேர் அவ்வளவுதான், உயரம் ஒசரம் ஆன மாதிரி. இன்னும் பழசு வேணும்னா வயா, வயவு. சேரன் நாட்டு மண்ணை வயவுறு மகளிர் ஆசைப்பட்டுத் தின்னாத்தான் உண்டு, பகைவரால தொட முடியாதுன்னு புறநானூறு 20ஆம் பாட்டு சொல்லுது.

'காலை நோய்'ல ரெண்டு பாதியுமே தப்பு. சாயங்காலம் பக்கத்து வீட்டுல வெங்காயம் தாளிச்சாலோ, குக்கரைத் தொறந்ததும் சாதத்து ஆவி மூக்குல ஏறினாலோ ஓங்கரிச்சுக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடுற பொண்ணு 'காலை'ன்னு படிச்சா, அப்ப நமக்கு வர்றது வேற ஏதோன்னு பயந்துக்க மாட்டாளா? இது எந்தப் பொழுதுலயும் வரும். பெரும்பாலும் 6வது வாரம் வாக்குல ஆரம்பிச்சு 9வது வாரத்துல உச்சத்துக்குப் போய் அப்புறம் மெதுவா அடங்கும், நிறைய பேருக்கு நாள் முழுக்க இருக்கும். அடுத்து, நோயாம்! இங்கிலீஷ்ல சிக்குன்னா வாந்தி வர்ற உணர்வுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, அது தெரியாம டிக்‌ஷனரில முதல்ல கண்ணுல பட்டதை எடுத்து ஒட்டிட்டாங்க. வாயும் வயிறுமா இருக்கிறவளை நோயாளின்னு எழுத எப்படி மனசு வருது?

'கர்ப்பகால வாந்தி' தேவலாம், ஆனா வாந்தியே வராம குமட்டலோட மட்டும் மூணு மாசம் கெடக்கிறவங்க அதுல அடங்க மாட்டாங்க. குமட்டல், வாந்தி, கிறுகிறுப்பு, காபி வாசனையே ஆகாமப் போறது, புளி மாங்காய் ஆசை எல்லாமே மசக்கைக்குள்ள இருக்கு. மொழிபெயர்க்கிறவங்க புள்ள பெத்த ஒரு அம்மாகிட்ட கேட்டிருந்தாலே போதும், கேக்கத்தான் மாட்டேங்குறாங்க.

இதுல ஒரு சொல் நெஜமாவே தேவைப்படுது. குடிச்ச தண்ணி கூட தங்காம, எடை நூத்துக்கு அஞ்சு பங்குக்கு மேல எறங்கி, யூரின் கொறஞ்சு அடர் நிறமாப் போற நிலைமையை டாக்டருங்க ஹைப்பரெமிசிஸ்ங்கிறாங்க. கருவுல இருந்து சுரக்கிற ஜிடிஎஃப்15ங்கிற ஹார்மோனுக்கு இதுல பெரிய பங்கு இருக்குன்னு 2023ல ஆராய்ச்சி வந்துச்சு. வீட்டுல 'எல்லாருக்கும் வர்ற மசக்கைதானே'ன்னு தள்ளிப்போட்டா ஆபத்து, டிரிப்ஸ் ஏத்த வேண்டி வரும். இதுக்கு கடும் மசக்கைன்னு எழுதுங்க, மாமியாருக்கும் புரியும், நர்ஸுக்கும் புரியும்.