நல்கை: ஃபெல்லோஷிப்பைத் தமிழில் எப்படி எழுதுவது?

ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் படிக்கவோ பணி செய்யவோ பணம் தந்து ஆதரிப்பதை ஃபெல்லோஷிப் என்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் சுற்றுச்சூழல் செய்தியாளர்களுக்கான ஃபெல்லோஷிப் அறிவிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். தலைப்பில் ‘சுற்றுச்சூழல் இதழியல் உதவித்தொகை’ என்று போட்டிருந்தேன். பாக் விரிகுடாக் கரையில் பகுதிநேரச் செய்தியாளராக இருக்கும் நண்பர் ஒருவருக்கு அதை அனுப்பினேன். கடற்புல் மேயும் பாலூட்டியான கடற்பசுவை அங்கே மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். ஆவுளியாவைப் பற்றி அவர் அளவுக்குத் தெரிந்த செய்தியாளர் வேறு எவரையும் நான் சந்தித்ததில்லை. மறுநாள் காலையில் அழைத்தார். “அண்ணே, அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளை விண்ணப்பிக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

அது தனக்கு வந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும், எத்தகைய செய்திகள் எழுதியிருக்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளே விளக்கமாக இருந்தது. ஆனாலும் தலைப்பில் நான் போட்ட ஒரே சொல் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை, மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை என்று நாம் நாள்தோறும் படிக்கிறோம். இல்லாதவருக்குக் கைகொடுக்கும் நல்ல சொல் அது. பத்து ஆண்டுகள் கடலோரம் நடந்து செய்தி சேர்த்தவருக்கு அது பொருந்தாது. அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

ஃபெல்லோ என்பது பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘ஃபேலகி’ என்று ஒரு சொல் உண்டு. ‘ஃபே’ என்றால் கால்நடை. அதிலிருந்தே உடைமை, பணம் என்ற பொருள்களும் வந்தன. ‘லக்’ என்றால் இடுவது, வைப்பது. ஆக, கூட்டு முயற்சி ஒன்றில் தன் பங்கை முன்வைத்தவர்தான் ஃபேலகி. அவர் ஒரு கூட்டாளி. கைநீட்டி வாங்குகிறவர் அல்லர், தன்னுடையதையும் கொண்டுவந்து போடுகிறவர்.

கால்நடையைக் குறித்த சொல்லே செல்வத்தையும் குறிப்பது தமிழருக்குப் புதிதில்லை. ‘கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை’ என்ற 400-ஆம் குறளில் மாடு என்பதற்குச் செல்வம் என்றே பொருள். கல்வியைப் பற்றிய குறளிலேயே அந்தச் சொல் நிற்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்லூரியை நடத்தும் அறிஞர் குழுவின் உறுப்பினருக்கு ஃபெல்லோ என்ற பெயர் நிலைத்தது. உதவித்தொகைக்கும் ஃபெல்லோஷிப்புக்கும் உள்ள தூரத்தை ராமானுஜன் வாழ்க்கையிலேயே அளந்துவிடலாம். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அது ஆய்வு உதவித்தொகை. 1918-இல் டிரினிட்டி கல்லூரி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. ஆண்டுக்கு 250 பவுண்டு, ஆறு ஆண்டுகளுக்கு. இன்ன வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முன்னது வளரும் மாணவருக்குத் தந்த ஆதரவு. பின்னது ‘நீங்கள் எங்களில் ஒருவர்’ என்று போட்ட நாற்காலி.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? மானியம் என்பது ஒரு காலத்தில் வரி நீக்கிக் கொடுத்த நிலம். இன்று உரத்துக்கும் எரிவாயு உருளைக்கும் போய்விட்டது. இலங்கையில் புலமைப்பரிசில் என்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் ஐந்தாம் தரப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையோடு அது அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழ்நாடு அரசு தன் ஃபெல்லோஷிப் திட்டத்துக்கு ‘முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. புது ஆய்வு என்பது வேலையைச் சொல்கிறது. ஆளைத் தேர்ந்து ஆதரிப்பதைச் சொல்லவில்லை.

நான் வந்து நின்ற சொல் நல்கை. நான் உண்டாக்கியதும் இல்லை. யுஜிசியைப் பல்கலைக்கழக நல்கைக் குழு என்று தமிழ்த்துறைகளில் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். நல்குதல் என்றால் கொடுத்தல் மட்டும் இல்லை. அன்பு செய்தலும் அருளுதலும் அதற்குள் இருக்கின்றன. எப்படிக் கொடுப்பது நல்குவது என்பதைப் புறநானூற்றின் 208-ஆம் பாட்டில் காணலாம். குன்றும் மலையும் கடந்து அதியமானைப் பார்க்க வந்தார் பெருஞ்சித்திரனார். அவன் நேரில் காணாமல் பரிசிலை மட்டும் அனுப்பிவைத்தான். புலவர் வாங்கவில்லை. ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்றார். தினையளவே ஆனாலும் ‘துணை அளவு அறிந்து நல்கினர் விடினே’ இனிது என்றார். வந்தவரின் புலமை எவ்வளவு என்று அறிந்து, பேணிக் கொடுத்தால் போதும் என்பது கருத்து. காணாமல் கொடுத்ததற்கு அவர் சொன்ன சொல் ‘ஈத்த’; அறிந்து கொடுப்பதற்குச் சொன்னது ‘நல்கினர்’. ஃபெல்லோஷிப்புக்கு இதைவிட நெருக்கமான விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். விண்ணப்பிக்கிறவர் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு: ஃபெல்லோஷிப் ஆளுக்குக் கொடுப்பது, கிராண்ட் வேலைக்குக் கொடுப்பது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1983 முதல் நடந்துவரும் அறிவியல் இதழியல் ஃபெல்லோஷிப், ஒரு கல்வியாண்டு முழுவதும் செய்தியாளரைப் படிக்க விட்டுவிடுகிறது. அதை இதழியல் நல்கை எனலாம். பன்னாட்டு ஊடக அமைப்பான இன்டர்நியூஸ் 2004-இல் தொடங்கிய எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், பல்லுயிர் குறித்துக் குறிப்பிட்ட ஒரு செய்திக்கட்டுரையை எழுதிமுடிக்கப் பணம் தருகிறது. செய்தியாளர்களுக்கு நிதி தரும் அமெரிக்காவின் புலிட்சர் மையம் 2018-இல் தொடங்கிய மழைக்காட்டு இதழியல் நிதி, அமேசான், காங்கோ, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளின் காடுகளைப் பற்றிய செய்திகளுக்கானது. இவற்றைச் செய்தி நல்கை என்று எழுதுகிறேன்.

காட்டையும் உயிரினங்களையும் காக்கும் களப்பணிக்குத் தரும் பணம் வேறு வகை. உய்நிலைச் சூழல் கூட்டாண்மை நிதியம் (Critical Ecosystem Partnership Fund) மேற்குத் தொடர்ச்சி மலைக்கென 2008 முதல் 2015 வரை நிதி வழங்கியது. பெங்களூரின் சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீ (ATREE) அதை ஒருங்கிணைத்தது. இங்கிலாந்தின் ரஃபோர்ட் அறக்கட்டளை, வளரும் நாடுகளின் சிறிய காப்புத் திட்டங்களுக்குக் கொடுக்கிறது. இங்கே ‘திட்ட நிதி’ என்று எழுதினால் எவருக்கும் குழப்பம் வராது. எல்லாவற்றுக்கும் நல்கை என்று போட்டு அந்தச் சொல்லையும் தேய்த்துவிடக் கூடாது.

செய்தி நல்கை என்ன செய்கிறது என்பது நண்பரின் விண்ணப்பத்துக்கான செலவுப் பட்டியலை உட்கார்ந்து எழுதியபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விட்ட மீனவர்களுக்கு வனத்துறை ரொக்கப் பரிசும் கொடுத்திருக்கிறது. அப்படி விட்டவர்களைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். அவர்களோடு விடியற்காலையில் கடலுக்குள் போக வேண்டும். கடற்புல் தரையைப் பார்க்க வேண்டும். பகுதிநேரச் செய்தியாளருக்கு அச்சாகும் செய்திக்குத்தான் காசு; போகும் வழிக்குக் கிடையாது. பட்டியலில் நாங்கள் எழுதியவை: மூன்று நாள் படகு வாடகை, டீசல், பஸ் கட்டணம், தங்கும் செலவு, நீருக்கடியில் படமெடுப்பவருக்குக் கூலி. ஆறாவதாக ஒரு வரி இருந்தது. வேறு வேலைக்குப் போகாமல் இதில் செலவிடும் நாள்களுக்கான தொகை. அதை எழுத அவருக்குக் கூச்சம். “இதையுமா கேட்பது?” என்றார். கேட்கத்தான் வேண்டும். அவர் போட்டிருந்த பத்து ஆண்டுகள்தான் அவருடைய ஃபே, அவருடைய மாடு. நல்குகிறவர்கள் தங்கள் பங்கைப் போடுகிறார்கள், அவ்வளவே.

மென்டார் என்று ஒருவரையும் பல நல்கைகள் உடன் தருகின்றன. கட்டுரையை வரிவரியாகப் பார்த்துத் தரும் மூத்த செய்தியாசிரியர் அவர். வழிகாட்டி என்றால் போதும். பயிற்சிப் பட்டறை என்பதை மாற்ற வேண்டியதில்லை. பட்டறை என்றாலே கை அழுக்காகும் இடம் என்று தமிழருக்குத் தெரியும்.

ஃபெல்லோ என்ற ஆளைக் குறிக்க என்ன சொல்வது என்று கேட்பார்கள். நல்கையாளர் என்றால் கொடுத்தவரா பெற்றவரா என்று தடுமாற்றம் வருகிறது. தோழர் என்ற சொல் பொருளால் மிக அருகில் இருக்கிறது. ஆனால் அரசியல் மேடை அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. ‘நல்கை பெற்ற செய்தியாளர்’ என்று மூன்று சொல்லில் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சுருக்கம் வேண்டும் என்பதற்காகப் பொருளைக் கலங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு அதே அறிவிப்பு மறுபடி வந்தபோது தலைப்பை இப்படி மாற்றினேன்: ‘களத்தில் இருக்கும் செய்தியாளர்களுக்குச் சுற்றுச்சூழல் இதழியல் நல்கை’. அனுப்பிய அன்று மாலையே நண்பர் அழைத்தார். இந்த முறை அக்கா மகளைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசித் தேதி என்ன என்று கேட்டார்.