ஜூதிகாத்தோ: சார்தீனியாவின் ‘நடுவர் நாடு’

மத்தியத் தரைக்கடல் தீவான சார்தீனியாவில் இடைக்காலத்தில் தன்னாட்சியுடன் விளங்கிய காலியாரி, அர்போரேயா, தோர்ரெஸ், கல்லூரா ஆகிய நான்கு அரசுகளில் ஒவ்வொன்றையும் ‘ஜூதிகாத்தோ’ என்னும் இத்தாலியச் சொல் குறிக்கிறது.

இதன் வேர், ‘சட்டத்தை மொழிபவர்’ எனப் பொருள்படும் ‘யூதெக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல். நாடாண்டவருக்கு நீதிபதியின் பெயர் வந்தது பைசாந்தியப் பேரரசின் நிர்வாக முறையால். 534இல் சார்தீனியா அப்பேரரசின் ஆப்பிரிக்க ஆட்சிப் பகுதியோடு இணைக்கப்பட்டது. அங்கே மாகாணத்தை ஆண்ட ஆளுநரே வழக்குகளையும் தீர்த்தமையால், யூதெக்ஸ் என்பது அவருக்குரிய பெயராக வழங்கியது. 698இல் கார்த்தேஜ் அரபியர் வசமாகி, 827 முதல் சிசிலியும் கைநழுவத் தொடங்கியபின், பேரரசின் பிடி சார்தீனியாவில் தளர்ந்தது; தலைநகர் தந்த பதவி உள்ளூர்க் குடும்பங்களின் பரம்பரை உரிமையாயிற்று. பதவி அரசுரிமையாக வளர்ந்தும் பழைய பெயரே நிலைத்தது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீசா நகர வணிகருக்குச் சுங்க விலக்கு அளித்த தோர்ரெஸ் அரசர், ‘யுதிகே மரியானோ தே லாகோன் ஆகிய நான்’ என்றே தம்மைக் குறிப்பிடுகிறார். அதுவும் இலத்தீனில் அன்று, தம் மக்கள் பேசிய சார்தீனிய மொழியில்.

இதனைத் தமிழில் ‘நீதிபதி ஆட்சி’ என்று எழுதினால், நீதிமன்றம் அரசைக் கைப்பற்றிக்கொண்டதாகப் பொருள்படும். ‘சிற்றரசு’ என்றாலோ, பேரரசர் ஒருவருக்குத் திறை செலுத்திய நிலை நினைவுக்கு வரும். ‘நடுவர் நாடு’ என்பதே தக்க சொல் என்பது என் கருத்து. தீர்ப்புரைப்பவர் என்னும் மூலப் பொருளை ‘நடுவர்’ காக்கிறது. ‘நாடு’ என்பதற்கும் அத்தீவிலேயே சான்று உண்டு: சார்தீனியர் தம் அரசின் நிலப்பரப்பை ‘இடம்’ எனப் பொருள்படும் ‘லோகு’ என்னும் சொல்லால் அழைத்தனர். அவ்வழியே, ஆட்சியுரிமையை உறுதிசெய்த பெரியோர் அவையான ‘கொரோனா தே லோகு’வை நாட்டவை என்றும், உட்பிரிவான ‘குராதோரியா’வை, பழந்தமிழ்நாட்டின் நிலப் பிரிவுப் பெயரான கூற்றம் என்றும், சட்டத் தொகுப்பான ‘கார்த்தா தே லோகு’வை நாட்டுச் சட்டம் என்றும் வழங்கலாம்.

இச்சட்டம் தனியே போற்றத் தக்கது. அர்போரேயாவை ஆண்ட எலெயோனோரா, தம் தந்தை நான்காம் மரியானோவின் சட்டத்தைத் திருத்தி, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் 198 இயல்களாக வெளியிட்டார். மணமாகாத பெண்ணை ஒருவன் வன்கொடுமை செய்தால், அவள் விரும்பினாலன்றி அவனுக்கு அவளை மணமுடிக்கலாகாது என்று அது விதித்தது. பெண்ணின் ஒப்புதலை அக்காலத்திலேயே சட்டமாக எழுதிவைத்தமை வியப்புக்குரியது.

காலியாரி 1258இலும் தோர்ரெஸ் 1259இலும் முடிவுற்றன. கல்லூராவும் அந்நூற்றாண்டைத் தாண்டவில்லை. அர்போரேயாவில் எஞ்சியிருந்த உரிமையை, அதன் கடைசி அரசரான தென்பிரான்சின் நர்போன் பிரபு மூன்றாம் கில்லோம், 1420இல் 1,00,000 பொன் ஃபுளோரின் நாணயங்களுக்கு, இன்றைய ஸ்பெயினின் வடகிழக்கிலிருந்த அரகோன் அரசின் மன்னரிடம் விற்றார். உரிமை பெற்ற அரகோனியரோ மறு ஆண்டே அர்போரேயாவின் நாட்டுச் சட்டத்தைத் தீவின் பெரும்பகுதிக்கும் விரித்தனர். அது 1827 வரை நடைமுறையில் இருந்தது.