மாதிரி ரயில்: பெருங்கடைகள் கைவிட்ட பிறகு எதை எங்கே வாங்குவது

அமெரிக்காவின் பெரிய கைவினைப் பொருள் கடைகளில் மாதிரி ரயிலுக்கென்று ஒரு தனி வரிசை இருந்த காலம் மெல்ல முடிந்துகொண்டிருக்கிறது. தண்டவாளத் துண்டுகள், புல்தூள், கையளவு மரங்கள், பாறை வார்க்கும் அச்சுகள், இரண்டு மூன்று ரயில் செட்டுகள் என்று நிறைந்திருந்த தட்டுகளில் பல ஊர்களில் இப்போது வேறு பொருட்கள் குடியேறிவிட்டன. மாதிரி எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதும், மறைந்துபோன ஆர்வலர்களின் சேகரிப்புகளை அவர்கள் குடும்பத்துக்காக மதிப்பிட்டுத் தருவதும் என் தொழில் என்பதால், "இனி இதையெல்லாம் எங்கே வாங்குவது, கட்டுப்படியாகுமா?" என்ற கேள்வி என் பட்டறைக்கு அடிக்கடி வருகிறது. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைக்கு ஒரு செட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த வட்டத்தை விட்டு வெளியே ரயிலை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்கும் நம்மவர் குடும்பங்களும் கேட்பவர்களில் உண்டு.

மலிவு என்பது கடையோடு சேர்ந்து போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஒரு பொருளுக்கு 40 சதவீதம் தள்ளுபடி தந்த கூப்பனை ஹாபி லாபி என்ற கைவினைக் கடைச் சங்கிலி 2021 பிப்ரவரி இறுதியோடு நிறுத்தியது. வாரத்துக்கு ஒரு மூட்டை, ஒரு புட்டி என்று அதை வைத்தே மலையும் வயலும் கட்டி முடித்தவர்கள் ஏராளம். பிரிட்டனிலும் நிலைமை இதுதான். மாதிரிப் பொருட்கள் விற்ற மாடல்ஸோன் கடைகள் 2013இல் மூடப்பட்டன. 1946இல் லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ் என்ற மாதிரி ரயில் விற்பனை நிறுவனம், வியாபாரத்தை முடித்துக்கொள்வதாக 2024 ஜனவரியில் அறிவித்தது.

கடைக்காரர் தரப்பையும் பார்க்க வேண்டும். எச்.ஓ. (HO) அளவு என்றால் நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு, என் (N) அளவு 160இல் ஒரு பங்கு, ஓ அளவு அமெரிக்காவில் 48இல் ஒரு பங்கு; ஒன்றின் பொருள் மற்றொன்றுக்கு உதவாது. ஒவ்வோர் அளவிலும் நேர்த்துண்டு, வெவ்வேறு ஆர வளைவுகள் (எச்.ஓ. என்றால் 18 அங்குலம், 22 அங்குலம்), தடத்தைப் பிரித்துவிடும் பாயின்ட்டில் இடப்பக்கம் பிரிவது, வலப்பக்கம் பிரிவது என்று வகைகள் பெருகுகின்றன. வலப்பக்கம் பிரியும் பாயின்ட் மட்டும் கையிருப்பில் இல்லையென்றால், அதற்காக வந்தவர் மற்றவற்றையும் வாங்காமல் திரும்பிவிடுவார். சதுர அடிக்கு இவ்வளவு விற்றாக வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் சங்கிலிக் கடைக்கு இது ஒத்துவராத சரக்கு. உற்பத்தியாளர்களும் முன்பதிவு எண்ணிக்கையைப் பார்த்து ஒரே தவணையில் செய்து அனுப்பும் முறைக்கு மாறிவிட்டார்கள். கடைத்தட்டில் நிரப்பி வைக்க அவர்களிடமே பொருள் மிஞ்சுவதில்லை.

ஆனால் அந்த வரிசையில் விற்றவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் கவலை பாதியாகக் குறையும். தண்டவாளம், சக்கரம், இணைப்புக் கொக்கியான கப்ளர், பல்சக்கரம், மின்னணுச் சில்லு ஆகியவை நுண்ணளவு பிசகாமல் இருந்தாக வேண்டியவை. எச்.ஓ. அளவில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர், என் (N) அளவில் 9 மில்லிமீட்டர். இதில் சிறிது விலகினாலும் ரயில் தடம்புரளும். 1935இல் தொடங்கிய என்.எம்.ஆர்.ஏ. என்ற தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கென்று தர வரையறைகளும், சரிபார்க்க ஓர் உலோக அளவுத் தகடும் வைத்திருக்கிறது. எஞ்சியவை எல்லாம் மண், கல், பசை, பெயின்ட், நுரைப்பலகை ஆகிய சாதாரணப் பொருட்கள். சிறு பொட்டலங்களில் அடைத்து, அழகான பெயர் ஒட்டி விற்கப்பட்டவை. பணத்தை முதல் வகைக்கு ஒதுக்கிவிட்டு, இரண்டாவதற்குக் கட்டுமானப் பொருள் கடைக்குப் போவதுதான் என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் வழி.

அடித்தளத்திலிருந்தே தொடங்கலாம். வீட்டுச் சுவர்களில் வெப்பத்தடுப்புக்காகப் பதிக்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற நுரைப்பலகை, 4 அடிக்கு 8 அடி அளவில், இரண்டு அங்குலக் கனத்தில் கிடைக்கிறது. முழுப்பலகை வண்டியில் ஏறாது என்பவர்களுக்கு இரண்டடிச் சதுரத் துண்டுகளாகவும் சில கடைகளில் விற்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, கத்தியால் சீவினால் மலை ஆகிவிடும். ஒட்டுவதற்கு, இடுக்கு அடைக்கப் பயன்படும் நீர் சார்ந்த லேடெக்ஸ் கால்க் போதும். கரைப்பான் கலந்த பசையோ ஸ்ப்ரே பெயின்டோ பட்டால் நுரை உருகிக் குழிவிழும். சூடான கம்பியால் அறுப்பவர்கள் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்ய வேண்டும், அந்தப் புகை நல்லதல்ல. பெயின்ட் கடையில் மாதிரிக்காக விற்கும் சிறு டப்பாவில் மண்பழுப்பு நிறம் ஒன்று வாங்கினால் ஒரு மேசை முழுவதற்கும் வரும்.

தண்டவாளத்துக்கு நடுவே பரப்பும் ஜல்லியையும் சொந்தமாகச் செய்துகொள்ளலாம். மெல்லிய மணலையோ பொடிக்கல்லையோ அலசிக் காயவைத்து, சமையலறைச் சல்லடைகள் இரண்டு மூன்றில் சலித்தால் வேண்டிய பருமன் கிடைக்கும். இந்த இடத்தில் ஒரு சோதனையைத் தவறவிடக் கூடாது. சலித்த மணலைக் காகிதத்தில் மெல்லியதாகப் பரப்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கருந்தூள் வந்து ஒட்டினால் அதில் இரும்புத்தாது இருக்கிறது. எஞ்சினின் மோட்டாரில் உள்ள காந்தம் அந்தத் தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு அந்த எஞ்சின் என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வரும். காந்தத்தில் எதுவும் ஒட்டாத நிலை வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யலாம், அல்லது அந்த மணலையே விட்டுவிடலாம்.

ஒட்டும் முறையிலும் கடைச்சரக்குக்கு அவசியமில்லை. ஜல்லியைக் காய்ந்த நிலையிலேயே தூவி, மென்தூரிகையால் ஒழுங்குபடுத்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பனிபோலத் தெளித்து நனைத்த பிறகு, நம் ஊரில் ஃபெவிகால் என்போமே, அந்த வகை வெள்ளைப் பசையைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்துச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். முன்கூட்டி நனைக்காவிட்டால் பசைத்துளி உள்ளே இறங்காமல் உருண்டு நிற்கும், ஜல்லியும் குவிந்து அலங்கோலமாகும். பாயின்ட்டின் அசையும் நாக்குப் பகுதிக்கு அருகில் மட்டும் பசையை விடாதீர்கள்.

தண்டவாளத்தில் சிக்கனம் வேறு விதம். புதிதாக வாங்குபவர்கள், செட்டோடு வரும் அடித்தளம் பொருத்திய துண்டுகளையே தொடர்ந்து வாங்குகிறார்கள். அடிக்கணக்கில் பார்த்தால் அதுவே அதிக விலை. மூன்றடி நீளத்தில் வரும் வளைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் டிராக்கை, தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பெட்டியாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு வெகுவாகக் குறையும். பழைய தண்டவாளம் கிடைத்தால் உலோகத்தைப் பாருங்கள். மஞ்சளாக மின்னும் பித்தளைத் தண்டவாளம் விரைவில் களிம்பேறி மின்சாரத்தைத் தடுக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் ஓட்டுவதற்கு நான் பரிந்துரைப்பதில்லை. வெண்மை கலந்த நிறத்தில் இருக்கும் நிக்கல் சில்வரே வேண்டும். பாக்மன் நிறுவனத்தின் ஈ.இசட். டிராக்கில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: அடித்தளம் கறுப்பாக இருந்தால் எஃகு, சாம்பல் நிறமாக இருந்தால் நிக்கல் சில்வர்.

கடைகள் போன இடத்தை உண்மையில் நிரப்பக்கூடியது பழைய பொருள் சந்தைதான். இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய ஒரு தலைமுறை முதுமையடைந்து மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டு நிலவறைகளிலிருந்து பெட்டி பெட்டியாகப் பொருட்கள் வெளியே வருகின்றன. மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆம்ஹெர்ஸ்ட் ரயில்வே சங்கம் நடத்தும் கண்காட்சி, பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூடும் பொம்மை ரயில் சேகரிப்பாளர் சந்தை ஆகியவை பெயர்பெற்றவை என்றாலும், சிக்கனமாக வாங்க உங்கள் ஊர்ச் சங்கம் தேவாலயக் கூடத்திலோ தீயணைப்பு நிலையக் கூடத்திலோ நடத்தும் சிறு சந்தையே பெரும்பாலும் மேல். சங்கத்தார் அங்கே ஓர் ஓட்டச்சோதனைத் தடம் வைத்திருந்தால், ஓடவிட்டுப் பார்க்காமல் எந்த எஞ்சினையும் வாங்காதீர்கள்.

ஓடவிடும்போது கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். எஞ்சின் ஒரே சீராக "டக், டக்" என்று தட்டிக்கொண்டு நொண்டினால், பெரும்பாலும் அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதாகிச் சுருங்கி விரிசல் விட்டிருக்கும். விரிசல் விட்ட இடத்தில் இரண்டு பற்களுக்கு இடையே இடைவெளி கூடிப்போவதால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் ஒருமுறை இடிக்கிறது. 1990களில் வந்த சில நல்ல எஞ்சின்களுக்கே இந்தக் கோளாறு உண்டு. மாற்றுப் பல்சக்கரம் சில டாலர்தான் என்பதால், "ஓடவில்லை" என்று எழுதி அடிமாட்டு விலைக்கு வைத்திருக்கும் அத்தகைய எஞ்சின் உண்மையில் லாபம். அதற்கு நேர்மாறானது துத்தநாக நோய். வார்ப்பில் ஈயம் கலந்து அசுத்தமாகிப்போன துத்தநாகச் சட்டம் ஆண்டுகள் செல்லச் செல்ல உப்பி, வெடித்து, கையில் உதிரும். மேலுறை சட்டத்தில் சரியாக உட்காராமல் பிதுங்கி நின்றாலோ, அடியில் மயிரிழை வெடிப்புகள் வலைபோலத் தெரிந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கள். அதற்கு மருந்தில்லை.

ரயில் பெட்டிகளில் கொக்கி வடிவப் பழைய கப்ளரும் பிளாஸ்டிக் சக்கரமும் இருப்பது குறையாகாது. கேடீ நிறுவனத்தின் 5ஆம் எண் போன்ற கப்ளரும் உலோகச் சக்கரமும் தனியாகக் கிடைக்கின்றன. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசினால் போதும். விலை தெரிய வேண்டுமானால் இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல், விற்று முடிந்தவற்றின் பட்டியலைப் பாருங்கள்; இரண்டுக்கும் பெருத்த வேறுபாடு இருக்கும். பழைய செட்டோடு வரும் மின்மாற்றியை மட்டும் ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வயரின் ரப்பர் உறை காய்ந்து வெடித்திருந்தால் அது குழந்தை தொடும் மேசையில் இருக்கவே கூடாது.

ஒரே தடத்தில் ஒவ்வோர் எஞ்சினையும் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு விலை அதிகம் என்று தயங்குபவர்களுக்கு டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற திறமூலத் திட்டம் இருக்கிறது. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையையும், அதன்மேல் பொருத்தும் மோட்டார் ஷீல்டு என்ற துணைப் பலகையையும் வைத்தே ரயிலுக்குக் கட்டளை அனுப்பும் நிலையத்தைக் கட்டிவிடலாம். வழக்கமான ஷீல்டு ஒரு தடத்துக்கு இரண்டு ஆம்பியர் வரை தாங்குவதால் சிறிய வீட்டு அமைப்புக்குப் போதும். அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் பொருத்தும் டிகோடர் சில்லை மட்டும் பெயர் தெரிந்த உற்பத்தியாளரிடமே வாங்குங்கள்.

பெரிய சங்கிலி ஒன்று மூடுகிறது என்ற செய்தி வந்தவுடன் அதே பெயரில், அதே நிறத்தில், 80 சதவீதம் தள்ளுபடி என்று போலி இணையதளங்கள் முளைக்கின்றன. முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, கடன் அட்டையில் மட்டும் பணம் செலுத்துவது பாதுகாப்பு. வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வரும் 800 டாலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கு, சீனச் சரக்குக்கு 2025 மே 2 முதலும், மற்ற நாடுகளின் சரக்குக்கு ஆகஸ்ட் 29 முதலும் நீக்கப்பட்டது. ஆகவே பிரிட்டனிலோ ஜப்பானிலோ உள்ள கடையில் தெரியும் விலையை இறுதி விலையாகக் கொள்ளாமல், சுங்கத்தை விற்பவரே முன்கூட்டிக் கட்டி அனுப்புகிறாரா என்று எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கூரியர் நிறுவனம் வரியோடு தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து வாசலில் நீட்டும், ஒரு ஜோடி சக்கரத்துக்கு அந்தக் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டிவிடும்.